வட்டப் புள்ளியா, மின்னும் நட்சத்திரமா? தமிழ் வகுப்பில் எந்த ஸ்டிக்கர் உழைக்கிறது

சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளித் தமிழாசிரியர் ஒருவரின் பையைத் துழாவினால் ஸ்டிக்கர் அட்டை ஒன்றாவது கையில் சிக்கும். மின்னும் நட்சத்திரம், உயர்த்திய கட்டைவிரல், ‘மிக நன்று’ என்று பல்லைக் காட்டும் யானை. பிராஸ் பசா வளாகத்துப் பாப்புலர் கடையிலும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் எழுதுபொருள் கடையிலும் இவை ஒரு பக்கமாகத் தொங்கும். அவற்றுக்கு அருகிலேயே, யாரும் அவ்வளவாகத் தொடாத இன்னோர் அட்டை இருக்கும்: ஒரே நிறத்தில், படம் எதுவும் இல்லாத வெறும் வட்டங்கள். தமிழ் பயிற்றுவிப்பவர் வாங்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. மற்றவற்றை அதன் பக்கத்தில் நிறுத்தி, ஏன் என்று பார்க்கலாம்.

எதை வைத்து அளப்பது? பல பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் வெவ்வேறு வகுப்புகளிலிருந்து தாய்மொழிப் பாட வேளைக்கு மட்டும் ஓர் அறையில் கூடுகிறார்கள். அறை பெரும்பாலும் இன்னொரு வகுப்புடையது. மேசை யாரோ ஒரு பிள்ளையுடையது. சுவரில் அறிவியல் அட்டைகள் ஏற்கெனவே இடம் பிடித்திருக்கும். மணி அடித்ததும் நாம் ஒட்டியதெல்லாம் நம்மோடு கிளம்பியாக வேண்டும். ஆகவே எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்பதோடு, எவ்வளவு சுத்தமாக உரிகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆண்டு முழுவதும் ஈரம் குறையாத காற்று, தலைக்கு மேல் ஓயாமல் சுழலும் மின்விசிறி, இவை இரண்டும் இந்தப் போட்டியின் நடுவர்கள்.

நட்சத்திரமும் புள்ளியும்

நட்சத்திர ஸ்டிக்கருக்கு எதிராக 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் நடத்தியது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழுவிடம், வரைந்தால் பொன்முத்திரையும் நாடாவும் கொண்ட சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாவது குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, விருப்பம்போல் விளையாடும் நேரத்தில் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைப்போல் ஏறத்தாழ பாதி நேரமே படம் வரைந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நட்சத்திர அட்டையைக் குப்பையில் போடத் தேவையில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு வரைவது முன்பே பிடித்திருந்தது. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசிவிட்டு வந்து, ‘ழ’வைப் பார்த்து உதட்டைப் பிதுக்கும் பிள்ளையின் நிலை வேறு. தொடக்கநிலை 1இன் முதல் சில வாரங்களில், வகுப்புக்குள் மனமுவந்து காலெடுத்து வைக்க அவனுக்கு ஒரு நட்சத்திரம் உதவும் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம். சொல்லி வைத்துக் கொடுக்காமல் எதிர்பாராமல் கொடுத்தால் போதும். அந்த இரண்டாவது குழுவின் ஆர்வம் குறையவில்லை. தொடக்கநிலை 1, 2 மாணவர்களுக்கு மதிப்பெண் சேரும் தேர்வுகள் 2019 முதல் இல்லை. எண்ணை எடுத்துவிட்ட இடத்தில் நட்சத்திரங்களை எண்ணிக் கூட்டும் பட்டியலைச் சுவரில் மாட்டுவது எனக்கு உவப்பாக இல்லை. “ஆசிரியர், எனக்கு இன்னும் எத்தனை வேண்டும்?” என்ற கேள்வி வந்துவிட்டால் பாடம் அங்கேயே நின்றுவிடும்.

நட்சத்திரம் வேலை முடிந்த பிறகு வருகிறது. வட்டப் புள்ளியோ வேலைக்குள்ளேயே நுழைகிறது, அதுவும் தமிழ் எழுத்துக்கென்றே அமைந்தாற்போல். நம் மெய்யெழுத்துகள் பதினெட்டின் தலையிலும் புள்ளி இருக்கிறதே! லேமினேட் செய்த அட்டையில் பெரிதாக ‘க’ என்று எழுதி, பிள்ளையின் கையில் ஒரு சிவப்பு வட்டத்தைக் கொடுங்கள். ஒட்டினால் ‘க்’. உரித்தால் ‘க’. ஒவ்வொரு முறையும் வாய்விட்டு ஒலிக்கச் சொல்லுங்கள். உயிர்மெய்யிலிருந்து அகரம் விலகுவதைக் கரும்பலகையில் எழுதி விளக்கும்போது புரியாத பிள்ளைக்கு, விரல் நுனியில் புரிந்துவிடுகிறது.

அடுத்த படி, புள்ளியே இல்லாமல் அச்சிட்ட சொல்லட்டைகள்: ‘அமமா’, ‘படடம’, ‘வணககம’. சரியான இடத்தில் வட்டத்தை ஒட்டிச் சொல்லை மீட்க வேண்டும். ‘வணககம’வில் முதல் ககரத்துக்குப் பதிலாக இரண்டாவதன் மேல் ஒட்டிவிட்டால் ‘வணகக்ம்’ என்று ஆகிவிடும். அதை வாசித்துப் பார்க்கும் பிள்ளையின் நாக்கே பிழையைச் சொல்லிவிடும். ஆசிரியர் சிவப்பு மை எடுக்க வேண்டியதில்லை. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடாமலே எழுதினார்கள் என்று இந்த இடத்தில் சொல்லிப் பாருங்கள். முன்னோர்மேல் பிள்ளைகளுக்கு மரியாதையும் கொஞ்சம் பரிதாபமும் ஒருசேர வரும்.

மேல்வகுப்புகளுக்கு இதே வட்டம் ஒற்றுமிகும் இடத்தைக் காட்டும். ‘வீட்டுக்கு போனேன்’, ‘வீட்டில் படித்தேன்’, ‘என்னை பார்த்தான்’, ‘என்னோடு பேசினான்’ என்று வாக்கியப் பட்டைகளைக் கொடுத்து, வல்லினம் மிக வேண்டிய இடைவெளியில் மட்டும் வட்டத்தை ஒட்டச் சொல்லலாம். முதலாவதிலும் மூன்றாவதிலும் ஒட்ட வேண்டும். மற்ற இரண்டும் அப்படியே இருக்கும். தேவையானதைவிட அதிக வட்டங்களைக் கொடுப்பது முக்கியம். எண்ணிக் கொடுத்தால் பிள்ளைகள் விடையை எண்ணிக்கையிலிருந்து ஊகித்துவிடுவார்கள், கெட்டிக்காரர்கள். ல, ள, ழ குழப்பத்துக்கு மூன்று நிறங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஆசிரியர் சொல்லை உரக்கச் சொல்ல, மாணவர் எந்த நிறம் என்று தேர்ந்தெடுத்து ஒட்டுவார். எழுத்து தெரியாமலே காதைச் சோதிக்கும் வழி இது.

தீபாவளி, பொங்கல் வாரங்களில் கறுப்புத் தாளில் வெள்ளை வட்டங்களைக் கொண்டு கோலப் புள்ளி வைக்கலாம். ஐந்து புள்ளி, ஊடுபுள்ளி, மூன்று வரை என்றால் நடு வரிசையில் 5, அதன் இரு பக்கமும் 4, அதற்கப்பால் 3 என மொத்தம் 19 வட்டங்கள். ஒட்டுவதற்கு முன்பே எத்தனை வேண்டும் என்று கணக்கிடச் சொன்னால் கணித ஆசிரியரும் மகிழ்வார். பேனாவால் வைத்த புள்ளி தவறினால் தாள் பாழ். ஒட்டிய வட்டத்தை உடனே எடுத்துச் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது எந்த நாடகத்தைப் போடுவது என்று வகுப்பில் முடிவெடுக்கவும் வட்டம் உதவும். ஆளுக்கு மூன்று கொடுத்து, விரும்பிய தலைப்பின் கீழ் ஒட்டவிடுங்கள். கை தூக்கச் சொன்னால் பக்கத்துப் பையனைப் பார்த்துத் தூக்கும் பிள்ளைகூட இங்கே தன் விருப்பத்தைச் சொல்லிவிடும்.

குறையும் உண்டு. தாள் வட்டங்களின் பசை நாள் ஆக ஆக இறுகும். அடுத்த வாரம் பாடநூலிலிருந்து உரித்தால் பக்கமும் சேர்ந்து வரும். எனவே லேமினேட் அட்டையில் ஒட்டி, அன்றே எடுத்துவிடுவது நல்லது. சின்ன விரல்களுக்கு வட்டத்தைக் கிளப்புவதே பெரும்பாடு. வட்டங்களைச் சுற்றியுள்ள வெற்றுத் தாளை ஆசிரியர் முன்கூட்டியே உரித்தெடுத்துவிட்டால் விளிம்பு எளிதாகப் பிடிபடும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் இடத்தில் இந்தச் சிறு வட்டங்களே வேண்டாம். எதுவும் வாய்க்குத்தான் போகும்.

தேக்காவிலிருந்து ஒரு போட்டியாளர்

எழுதுபொருள் கடைக்காரர்கள் எதிர்பாராத எதிரி லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் இருக்கிறது: ஒட்டுப்பொட்டு. தேக்காவைச் சுற்றியுள்ள கடைகளில், கடுகளவில் தொடங்கிக் காசளவு வரை கிடைக்கிறது. வெல்வெட் பொட்டு சற்று மேடாக இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி ‘இது க், இது க’ என்று சொல்லும் விளையாட்டுக்கு இதைப்போல் வேறெதுவும் ஒத்துவராது. தோலில் ஒட்டி எடுப்பதற்கென்றே செய்யப்பட்டது ஆகையால் வழவழப்பான அட்டையிலிருந்து எளிதாக உரியும், மீண்டும் ஒட்டும்.

ஆனால் சாதாரணத் தாளில் அதன் பிடி எனக்கு நம்பிக்கை தருவதில்லை. தூசு படிந்தால் கதை முடிந்தது. கையில் கொடுத்த அடுத்த நொடி பாதிப் பொட்டுகள் பிள்ளைகளின் நெற்றிக்கும் மூக்கு நுனிக்கும் போய்விடும். நம் தமிழ் வகுப்புகளில் இஸ்லாமியப் பிள்ளைகளும் கிறிஸ்துவப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பொட்டு எழுத்துக்கு மட்டும்தான் என்பதைத் தொடக்கத்திலேயே, சிரித்தபடி, எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுங்கள். தனியாளாகச் செய்யும் மேசைப் பயிற்சிக்குப் பொட்டு; வகுப்பு முழுவதும் சேர்ந்து செய்வதற்கு வட்டம். விலையிலும் வட்டமே வெல்லும்.

ஒட்டுத்தாளும் வெள்ளை லேபிளும்

மஞ்சள் ஒட்டுத்தாளின் (போஸ்ட்-இட்) பிறப்பு, தோற்றுப்போன பசை ஒன்றிலிருந்து. 3எம் நிறுவனத்தின் ஸ்பென்சர் சில்வர் 1968இல் வலுவான பசை தேடப்போய் வலுக்குறைந்த ஒன்றைக் கண்டுபிடித்தார். அதில் பசை சீரான படலமாகப் பரவாமல் நுண்ணிய உருண்டைகளாக நிற்கும். தொடும் இடம் குறைவு, அதனால் கிழிக்காமல் எடுத்து மறுபடி ஒட்டலாம். அவருடன் பணியாற்றிய ஆர்ட் ஃபிரை, தேவாலயப் பாட்டுப் புத்தகத்திலிருந்து அடையாளத் தாள்கள் நழுவி விழுவதைக் கண்டு 1974இல் அதற்கு ஒரு பயனைக் கண்டார். 1980இல்தான் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது. வெள்ளை லேபிள் அதைவிட மூத்தது. ஸ்டான்டன் ஏவரி லாஸ் ஏஞ்சலிஸில் 1935இல் தொடங்கி வைத்தார், இங்கே கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ நாளிதழைத் தொடங்கிய அதே ஆண்டு. ஒன்றுக்கும் மற்றதற்கும் தொடர்பில்லை, நினைவில் நிற்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வாக்கிய அமைப்பு கற்பிக்க ஒட்டுத்தாளை விஞ்ச ஆளில்லை. ‘நேற்று’, ‘அம்மா’, ‘சந்தையில்’, ‘மீன்’, ‘வாங்கினார்’ என்று தாளுக்கு ஒரு சொல். வெண்பலகையில் முதல் நான்கையும் இடம் மாற்றி மாற்றி வைத்தாலும் வாக்கியம் நிற்கிறது. வினைமுற்று மட்டும் கடைசியில் உட்கார்ந்துகொண்டு அசையமாட்டேன் என்கிறது. அழுத்தம் எப்படி மாறுகிறது என்று பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள். ஆங்கிலத்தில் இந்த விளையாட்டு இவ்வளவு தூரம் போகாது. கட்டிலிருந்து தாளை மேல்நோக்கி இழுக்காமல் பக்கவாட்டில் உரித்தெடுங்கள். சுருளாமல் தட்டையாக நிற்கும். அப்படியும் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் பலகையில் பாதி உதிரத்தான் செய்யும். பலகையைத் துடைத்துவிட்டு ஒட்டினால் கொஞ்சம் தேவலை.

லேபிள் ஒட்டினால் ஒட்டியதுதான். அதனால் அதற்கு நிலையான வேலையைக் கொடுக்க வேண்டும். தன் பெயரைத் தமிழ் எழுத்தில் ஒருமுறைகூடப் பார்க்காமல் தொடக்கநிலை 1க்கு வரும் பிள்ளைகள் இங்கே உண்டு. ஏ4 தாளுக்கு 21 லேபிள் என்ற அளவில் அச்சிட்டு, ஒவ்வொரு பிள்ளையின் பயிற்சிப் புத்தகத்திலும் அவர் பெயரைத் தமிழில் ஒட்டிவிடுங்கள். அச்சிடுவதற்கு முன் பெற்றோரிடம் எழுத்துக்கூட்டலைக் கேட்டுக்கொள்வது அவசியம். னகரமா ணகரமா என்பதில் சில குடும்பங்கள் மிகக் கண்டிப்பானவை. தவறுதலாக மேசையில் ஒட்டிவிட்ட லேபிளின் பிசுபிசுப்பு யூகலிப்டஸ் எண்ணெய் தொட்ட துணியால் போகும்.

திரையில் தட்டினால் விழும் பதக்கங்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்வோர் உண்டு. கறையும் இல்லை, செலவும் இல்லை. ஆனால் அவையும் நட்சத்திரத்தின் இனம்தான். எழுத்தின்மேல் உட்காரத் தெரியாது.

தரையில் ஒட்டும் நாடா

வண்ணம் அடிப்பவர்கள் பயன்படுத்தும் தாள் நாடாவை (மாஸ்கிங் டேப்) தனியாகக் குறிப்பிட வேண்டும். 3எம் நிறுவனத்தின் ரிச்சர்டு ட்ரூ 1925இல் கார்களுக்கு இருநிற வண்ணம் பூசுபவர்களுக்காக உருவாக்கியது. தரையில் பாண்டிக் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஓர் எழுத்து எழுதினால், ‘ம’, ‘ர’, ‘ம்’ என்று நொண்டியடித்துச் சொல்லை முடிக்கலாம். உட்கார்ந்து களைத்த பிள்ளைகளுக்கு இதுதான் மருந்து. வட்டத்தால் இந்த வேலை ஆகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒட்டும் நேரமும் உரிக்கும் நேரமும் சேர்த்தால் அரைப் பாடவேளை போய்விடும் என்பதுதான் தடை. ஆகவே இரண்டு பாடவேளை சேர்ந்து வரும் நாளில் மட்டும் எடுங்கள். உரிக்கும்போது நாடாவைத் தரையோடு ஒட்டி மெதுவாக மடக்கி இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் துண்டு துண்டாகக் கிழியும். ஓரிரவு விட்டுவைத்தால்கூடப் பசை தரையில் இறுகத் தொடங்கிவிடும். இங்கே வகுப்பறையைத் தினமும் துடைத்துச் சுத்தம் செய்பவர்கள் அந்த வகுப்பு மாணவர்களே. அவர்களில் பலர் தமிழ் படிக்காதவர்கள். நாம் விட்டுப்போன பிசினைச் சுரண்டும் வேலையை அவர்கள் தலையில் கட்டக்கூடாது.