முகம் எரிகிறவர்களுக்கு: அசெலாயிக் ஆசிட் 15% ஜெல்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல மருந்து, நம்பி வாங்கலாம். ஆனால் ஒரே வாரத்தில் முகம் மாறவேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒத்துவராது.

நான் பள்ளியில் பி.டி. டீச்சர். திருச்சி வெயிலில் மைதானம்தான் என் வகுப்பறை. மாநிறம் என்பதால் என் முகம் சிவக்கிறது என்று யாருமே சொன்னதில்லை, "கறுத்துட்டீங்க டீச்சர்" என்றுதான் சொல்வார்கள். எனக்கோ இரண்டு கன்னமும் மூக்கும் தகதகவென்று எரியும். வெயிலில் நின்றால் எரியும், சூடாக டீ குடித்தால் எரியும், காரக்குழம்பு சாப்பிட்டாலும் எரியும். நடுநடுவே பரு மாதிரி பொடிப்பொடியாகக் கிளம்பும், ஆனால் பிளாக்ஹெட் ஒன்றுகூட இருக்காது.

தோல் டாக்டர் ஒரு கண்ணாடித் துண்டைக் கன்னத்தில் அழுத்திப் பார்த்தார். அழுத்தினால் ரத்தம் விலகி அந்த இடம் வெளுக்கிறது, எடுத்ததும் நிறம் திரும்புகிறது. ரோசேசியா என்றார், அதாவது முகம் அடிக்கடி சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோய். மாநிறத் தோலில் அந்தச் சிவப்பு பழுப்பாகவோ ஊதா கலந்தோ தெரிவதால், பரு என்றோ வெயில் கருப்பு என்றோ நினைத்து விட்டுவிடுகிறார்களாம். நிறத்தைவிட எரிச்சலைக் கவனியுங்கள் என்று அவர் சொன்னதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஜெல்லுக்கு வருவோம். அசெலாயிக் ஆசிட் கோதுமை, பார்லி போன்ற தானியங்களிலேயே இருக்கும் ஒரு அமிலம். தோலின் அழற்சியைத் தணிக்கிறது. கருமையை உண்டாக்கும் நொதியையும் தடுப்பதால் பொடிப்பரு விட்டுப்போன தழும்புக் கருமையும் மெல்லக் குறைகிறது. நம் நிறத்துக்கு இது பெரிய லாபம். அமெரிக்காவில் 15% ஜெல்லை ரோசேசியாவுக்கென்றே 2002-ல் அனுமதித்தார்கள்.

பட்டாணி அளவு எடுத்து, முகத்தை நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகு பூசவேண்டும். ஈரத்தில் பூசினால் சுரீரென்று குத்தும். ஆரம்ப வாரங்களில் உலர்ந்த முகத்திலும் கொஞ்சம் குத்தல், அரிப்பு இருந்தது. முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல் என்று மாற்றியதும் அடங்கிவிட்டது. இன்னொரு குறை: காலையில் இதன்மேல் சன்ஸ்கிரீன் போட்டால் சில சமயம் அழுக்கு உருட்டின மாதிரி திரிதிரியாக வரும். ஜெல் ஊறும்வரை காத்திருந்தால் வராது. சன்ஸ்கிரீன் மட்டும் ஜிங்க் ஆக்சைடு உள்ளதாகப் பாருங்கள், எரிச்சலுள்ள தோலுக்கு அதுதான் சாது.

வெயில்காலத்தில் தொடங்கினேன். மழை பிடிப்பதற்குள் பொடிப்பருக்கள் போய்விட்டன, எரிச்சல் பாதிக்குமேல் குறைந்தது. மூக்கோரம் நூல் மாதிரி தெரியும் ரத்தக்குழாய்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அதற்கு லேசர்தான் வழி, எந்த ஜெல்லும் செய்யாது.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இதே எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டால், பல இடங்களில் ஸ்டீராய்டு கலந்த கிரீமை எடுத்து நீட்டுகிறார்கள். போட்டதும் முகம் பளிச்சென்று ஆகும். நிறுத்தினால் முன்பைவிட மோசமாகச் சிவக்கும். தோல் மெலிந்து ரத்தக்குழாய் வெளியே தெரியும். எங்கள் பள்ளியிலேயே ஒரு டீச்சர் அப்படிப் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஆணை போட்டது. இன்றும் கேட்டால் கிடைக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம். டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் முகத்துக்கு நீங்களாகப் போடாதீர்கள்.

ஜெல்லில் கம்பெனிப் பெயரைவிட 15% என்று இருக்கிறதா என்று பாருங்கள். 20% கிரீமும் கிடைக்கும், எரிகிற முகத்துக்கு டாக்டர் சொல்லாமல் அதற்குத் தாவவேண்டாம். முதலில் சின்ன டியூப் போதும்.