டர்போ காரும் சென்னைச் சூடும்: ஆறு வருடம், 78,000 கிலோமீட்டர்

என்னுடையது ஒரு லிட்டர் எஞ்சின் உள்ள டர்போ பெட்ரோல் கார். டர்போ என்பது, எஞ்சின் விடும் புகையால் சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. திருவான்மியூரிலிருந்து சிறுசேரிக்கு ஓ.எம்.ஆரில் (பழைய மாமல்லபுரம் சாலை) தினமும் போய் வருகிறேன். இந்த ஊரில் வண்டி ஓடும்போது டர்போவுக்குப் பெரிய ஆபத்தில்லை, நின்ற பிறகுதான்.

நன்றாக அழுத்தி ஓட்டினால் பெட்ரோல் டர்போவுக்குள் வரும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஓடுகிறவரை ஆயிலும் கூலன்டும் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தின் பக்கத்துச் சூடு, அதன் தண்டைத் தாங்கும் பேரிங்குக்கு நகர்ந்து, அங்கே தங்கிய ஆயிலைக் கருக்கிவிடும். சில வண்டிகளில் அணைத்த பிறகும் கூலன்டைச் சுற்றவிட மின்சார பம்ப் உண்டு. என் வண்டியில் இல்லை.

இரண்டாவது வருடம் ஒரு தப்பு நடந்தது. ஹீட் ஷீல்டு (சூட்டைத் தடுக்கும் தகடு) கடகடவென்று ஆடுகிறது என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் அதைக் கழற்றிவிட்டு, கீழே போகும் சைலன்சர் பைப்புக்குக் கண்ணாடி இழை நாடா சுற்றிக் கொடுத்தார்கள். பானெட் சூடு குறைந்தது உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் நாடா தண்ணீரைக் குடித்துவிட்டுக் காயவே இல்லை. போதாததற்குக் கடற்கரை உப்புக்காற்று வேறு. பதினைந்து மாதம் கழித்துப் பிரித்தபோது பைப் துரு ஏறிச் செதில் செதிலாக உதிர்ந்தது. ஷீல்டு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஓடிய ஒயர் உறை, விரல் பட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் தேடி அதே மாடல் ஷீல்டு வாங்கி மாட்டினேன். கம்பெனி போட்ட தகட்டைத் தயவுசெய்து கழற்றாதீர்கள். ஆடினால் போல்ட்டை மாற்றினால் போதும்.

அப்புறம், ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வேகமாக வந்தால் வீட்டுக்கு முந்தைய இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுகிறேன். அதுவும் முடியாத நாளில் ஒரு நிமிடம் ஐடிலில் விடுகிறேன். டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த நாளில் அது தேவையே இல்லை. சிந்தெடிக் ஆயிலை 7,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கத்திரி வெயிலில் சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்று கிளம்பும்போது இழுவை கொஞ்சம் குறையும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் சூடாகிவிடுவதுதான் காரணம். காற்று பட்டதும் சரியாகிவிடும், பயப்பட வேண்டாம்.

போன மாதம் மெக்கானிக் டர்போவின் ஆயில் பைப்பைக் கழற்றிக் காட்டினார். பக்கத்து மேசையில் வேறொரு வண்டியின் பைப் கிடந்தது. அதற்குள் அடிப்பிடித்த பால் மாதிரி கறுப்புக் கட்டி. "உங்களுதுல விளக்கு வெளிச்சம் இந்தப் பக்கம் தெரியுது பாருங்க சார்" என்றார். தெரிந்தது.