"வேலை செய்யிற பிள்ளையளுக்கான ஸ்பெஷல் பச்": காசு கட்ட முதல் வாசியுங்கோ

யாழ்ப்பாணத்தில ஒரு பாமசியில காலமை எட்டரையில இருந்து இரவு ஏழரை வரைக்கும் நிக்கிறன். ரெண்டு தரம் ஏஎல் (உயர்தரச் சோதினை) எடுத்தும் மெடிசின் மயிரிழையில தவறிப்போச்சு. கம்பஸுக்கு ஆக்களை எடுக்கப் பாக்கிற இஸட் ஸ்கோர்ப் புள்ளியை ஏன் நாலு தசமத்துக்குப் போடுறாங்கள் எண்டு அப்பதான் விளங்கினது. கம்பஸ் அனுமதிக்கு மூண்டு தரம்தான் கணக்கு. அதால இந்த முறை கடைசி. தனியார் பரீட்சார்த்தியா எடுக்கிறன். வீட்டு நிலைமைக்கு வேலையை விடேலாது.

அந்த நேரம் பாத்து வட்ஸ்அப்பில ஒரு நோட்டீஸ். வேலை செய்யிற ஆக்களுக்குத் தேர்ட் ஷை, அதாவது மூண்டாம் தரம் எடுக்கிற ஆக்களின்ர, ஸ்பெஷல் பச்சாம். இரவு ஒன்பதுக்கு ஸூம், தவறினால் ரெக்கோடிங், கிழமைக்கு ஒரு பேப்பர், அதைக் கம்பஸ் அண்ணாமார் திருத்தித் தருவினமாம். ஆறு மாதத்துக்கு 36,000 ரூபா, மொத்தமாக் கட்டோணும்.

நான் கட்டினது அந்தத் திருத்திற வேலைக்குத்தான். டியூட், அதுதான் டியூசனில குடுக்கிற நோட்ஸ், என்ர கட்டிலுக்குக் கீழ மூட்டையாக் கிடக்கு. பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன பிள்ளைக்கு இல்லாதது, எழுதினதை வாசிச்சு "இதுக்குப் புள்ளி வராது" எண்டு சொல்ல ஒரு ஆள். அது இல்லாட்டி அமைப்புக் கட்டுரையில எங்க புள்ளி போகுது எண்டு தெரியவே தெரியாது.

முதல் மாதம் குறை சொல்லேலாது. பிறகு "சேருக்குச் சுகமில்லை" எண்டு ரெக்கோடிங் மட்டும் வந்துது. ஒரு உயிரியல் வீடியோவில சேர் "2018 பச் பிள்ளையள், கவனமாக் கேளுங்கோ" எண்டுறார்! புதிய பாடத்திட்டத்தில முதன்முதலாச் சோதினை நடந்ததே 2019 இல. பழைய பாடத்தைத்தான் நான் இரவு பதினொரு மணிக்குக் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.

அதையும் பொறுத்திருப்பன். பேப்பரைத்தான் பொறுக்கேலாமல் போச்சு. கடையில சனம் குறைஞ்ச நேரம் கவுண்டரில வைச்சு எழுதினது. இருமல் சிரப் ஒண்டு ஊத்துப்பட்டு, ரெண்டாம் மூண்டாம் பக்கம் முகத்தோட முகம் ஒட்டிப்போச்சு. திருப்பி எழுத நேரமில்லை, அப்பிடியே கொண்டுபோய்க் குடுத்தன். கேள்வி 2 முழுக்க அந்த ரெண்டு பக்கத்துக்கு உள்ளுக்குத்தான். அடுத்த ஞாயிறு பேப்பர் வந்துது. முன்பக்கத்தில சிவப்புப் பேனையால கேள்வி 2 க்கு 100 க்கு 74, "நன்று, இன்னும் விரிவாக எழுதவும்". பக்கம் ரெண்டும் ஒட்டினது ஒட்டினபடி.

பச் நடத்திறவருக்குக் கோல் எடுத்துக் கேட்டன். "தங்கச்சி, நீங்கள் வேலைக்குப் போறதால ஒழுங்கா வாறேல்லை, அதுதான் பிரச்சினை" எண்டார். மிச்சக் காசைக் கேட்டன். அண்டைக்கே குரூப்பில இருந்து தூக்கிப்போட்டினம். பில் இல்லை. காசு போனது ஆரோ ஒராளின்ர சொந்தக் கணக்குக்கு. அது என்ர மடைத்தனம், மறைக்கேல்லை.

இப்ப தேசிய கல்வி நிறுவகத்தின்ர வள நூலையும் பரீட்சைத் திணைக்களத்தின்ர மதிப்பீட்டு அறிக்கையளையும் இறக்கி வைச்சுப் படிக்கிறன். ரெண்டும் சும்மா கிடைக்குது. எங்கட ஒழுங்கையில மெடிக்கல் பகல்டியில படிக்கிற அக்கா ஒராள் இருக்கிறா. ஞாயிறு பின்னேரம் ஒரு கேள்வி திருத்தித் தாறா. முதல் நாளே "தண்ணி உள்ளுக்குப் போகும்" எண்டு எழுதினதை வெட்டிப்போட்டு, "பிரசாரணம் (ஒஸ்மோசிஸ்) எண்ட சொல்லு எங்க?" எண்டு கேட்டா. 36,000 ரூபாக்கு ஒருத்தரும் கேக்காத கேள்வி.

இப்பிடி ஒரு பச்சில சேரப் போறியள் எண்டால், போன மாதம் திருத்தின பேப்பர் ஒண்டைக் காட்டச் சொல்லுங்கோ. காசை மாதம் மாதமாக் கட்டுங்கோ, பில்லோட. காட்ட மாட்டம் எண்டால் சைக்கிளைத் திருப்புங்கோ.

என்ர பேப்பரை இன்னும் பிரிக்கேல்லை, கடை லாச்சியில கிடக்கு. தெரிஞ்ச ஆக்கள் பாக்கோணும் எண்டால் வாங்கோ, காட்டுறன். ஞாயிறு மத்தியானத்தோட கடை பூட்டு.