கச்சானைத் தாங்கும் பன்னம் எது?

மட்டக்களப்பில் பன்னம் (பெரணி, fern) வாங்குவதாக இருந்தால் மாரியில் பார்த்து மயங்கிவிடாதீர்கள். மார்கழி மழையில் எந்தப் பன்னமும் பச்சைப்பசேலென்றுதான் நிற்கும். அதன் உண்மைக் குணம் ஆனி, ஆடியில் கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும்போதுதான் வெளிப்படும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, சூடேறி உலர்ந்து நம் பக்கம் இறங்குகிறது. காற்றின் ஈரத்தை நம்பி வாழும் செடிக்கு இதைவிடக் கொடிய சோதனை இல்லை.

கல்லடி வீட்டு வரவேற்பறையில் மூன்று வகைகளை வைத்துப் பார்த்தேன். கடைகளில் மெய்டன்ஹெயர் என்று விற்கப்படுவது அழகில் முதலிடம்: கறுத்த கம்பி போன்ற காம்பு, நீர் ஒட்டாத குட்டி விசிறி இலைகள். ஒரு பிற்பகல் யன்னலை மூட மறந்தோம்; மாலையில் அது கருகிய காகிதமாகச் சுருண்டிருந்தது. காம்புகளை மண்மட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். இரண்டு முறை துளிர்த்தது. மூன்றாம் முறைக்கு எனக்குத்தான் பொறுமை இல்லை.

உண்மையான போட்டி பொஸ்டன் பன்னத்துக்கும் பறவைக்கூட்டுப் பன்னத்துக்கும்தான். பொஸ்டன் என்ற பெயர், 1894இல் பிலடெல்பியாவிலிருந்து அந்நகருக்கு அனுப்பிய செடிகளிடையே வளைந்து தொங்கும் இலைகளோடு ஒன்று தென்பட்டதால் வந்தது. தொங்கு சாடியில் அருவிபோல் வழியும். நூல் போன்ற ஓடுதண்டுகளை நீட்டிக் குட்டி போடுவதால் அயலாருக்கும் பகிரலாம்; பறவைக்கூட்டில் இது நடக்காது, அது வித்திகள் என்னும் நுண்துகள்களால்தான் பெருகும். ஆனால் பொஸ்டனுக்குக் கச்சான் காலத்தில் தினமும் நீர் வேண்டும். ஒருநாள் தவறினால் சிற்றிலைகள் உதிர்ந்து, தும்புத்தடியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

நீரிலும் ஒரு சிக்கல். வாவியோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கும். சாடி விளிம்பில் வெள்ளைப் பொருக்குப் படிந்து இலைநுனி பழுப்பானால் காரணம் உப்புத்தான். பீப்பாவில் சேர்த்த மழைநீரே நல்லது. வாவியில் ஊறிய தென்னந்தும்பையும் மூன்று முறை நல்ல நீரில் அலசாமல் சாடியில் போடக்கூடாது.

பறவைக்கூட்டுப் பன்னம் காட்டில் மரக்கிளைகளில் தொற்றி, உதிரும் சருகைத் தன் கூட்டில் ஏந்தி வாழ்வது. இலைகள் தடித்துப் பளபளப்பாக இருப்பதால் நீர் எளிதில் வற்றாது. வாரம் இருமுறை ஊற்றினாலே சமாளித்தது. ஒன்று மட்டும் கவனம்: காற்றோட்டம் குறைந்த அறையில் நடுக்கூட்டுக்குள் நீர் தேங்கினால் இளந்தளிர் அழுகும். ஓரமாக ஊற்றுங்கள்.

இலையின் அடியில் வரிவரியாகப் பழுப்புக் கோடுகள் தோன்றியபோது மாமி பூச்சியென்று நினைத்துப் பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டார். அவை வித்திகள் என்று சொன்னதும், "அதை முதலிலேயே சொல்லியிருக்கக்கூடாதா?" என்று எனக்கே ஏச்சு விழுந்தது.

வரவேற்பறை மூலை இப்போது பறவைக்கூட்டுக்கு. பொஸ்டனைக் கைவிட மனமில்லை. ஆனி பிறந்ததும் அது குளியலறை யன்னலுக்குப் போய்விடும், ஐப்பசியில் முதல் மழை விழுந்த பிறகுதான் திரும்பும்.