தங்குவதற்கு ஜெய்சால்மரா, பிக்கானேரா?

பினாங்கிலிருந்து தார்ப் பாலைவனம் பார்க்கக் கிளம்பினால் விடுமுறை டில்லியிலேயே பாதி கரைந்துவிடும். ராஜஸ்தானின் இந்த இரண்டு ஊர்களில் ஒன்றில்தான் நிதானமாகத் தங்க முடியும். நாங்கள் பிக்கானேரை வழியில் பார்த்துவிட்டு ஜெய்சால்மரில் தங்கினோம். ஆகவே என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

அலைச்சல் குறைவு என்றால் பிக்கானேர்தான். டில்லியிலிருந்து ஓர் இரவு ரயில் போதும். குளிர்காலம், ஒட்டகம், சைவச் சாப்பாடு எல்லாம் இரண்டுக்கும் பொது. பிக்கானேர் 1488-இல் ராவ் பிகா உருவாக்கிய ஊர். அதன் ஜூனாகர் கோட்டை சமதரையில் இருப்பதால் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சௌகரியம். தேஷ்னோக்கில் எலிகள் ஓடும் கர்ணி மாதா கோயில், கொறிக்க புஜியா. பழைய தெருக்களில் நான் சுற்றவில்லை. அங்கே இன்னும் நிறைய இருக்கலாம்.

ஆனால் ஜூனாகர் இன்று அருங்காட்சியகம். ஜெய்சால்மர் கோட்டைக்குள் ஆயிரக்கணக்கானோர் இன்றும் குடியிருக்கிறார்கள். எனக்கு அதுதான் எல்லாம்.

1156-இல் ராவல் ஜெய்சால் கட்டிய கோட்டை. ஒட்டக வணிகத்தில் கொழித்த ஊர். பட்வா என்ற வணிகக் குடும்பத்தின் கல் மாளிகைகளே சாட்சி. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் வணிகம் தேய்ந்தது, 1947-இல் எல்லைக்கோடு மிச்சத்தையும் அறுத்தது. பினாங்கின் ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு இது புரியும். 1969-இல் வரியில்லாத் துறைமுக அந்தஸ்து போனபிறகும் நம் கடைவீடுகள் தப்பி நின்றன. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கி வாடகை ஏற, குடியிருந்தவர்கள் கிளம்பினார்கள். 2008-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தபோது பல வீடுகளில் ஆள் இல்லை. ஜெய்சால்மருக்கு 2013-இல் அந்தப் பட்டம் கிடைத்தது; அங்கே இன்னும் மாடியில் துணி காய்கிறது, சந்தில் மாடு வழி மறிக்கிறது.

அதற்காகக் கோட்டைக்குள்ளேயே அறை எடுக்காதீர்கள். குடத்தில் தண்ணீர் சுமந்த காலத்துக் கோட்டை அது. குழாய் வந்தபின் கழிவுநீர் கசிந்து, குன்றின் அடிமண் இளகி, மதில்கள் சில இடங்களில் சரிந்திருக்கின்றன. விடுதி பெருகப் பெருகக் கசிவும் கூடும். கீழே பழைய நகரில், கோட்டை தெரியும் மொட்டைமாடியுள்ள விடுதியாகப் பாருங்கள். மேலே போய்ச் சமணக் கோயில்களைப் பாருங்கள், சாப்பிடுங்கள், பேரம் பேசித் துணி வாங்குங்கள். குளியல் மட்டும் கீழேயே இருக்கட்டும்.