களியக்காவிளைச் சாலையில் ஒரு பழம்பொருள் கடை

குழித்துறையிலிருந்து களியக்காவிளை செல்லும் சாலையில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றுக்குக் கடந்த மாதம் இருமுறை சென்றேன். திருவிதாங்கூர்க் காலத்துப் பெரிய வீடுகளை இடிக்கும்போது கழற்றும் தூண்கள், கதவுகள், உருளிகள், நிலைவிளக்குகள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. பராமரிப்பில் குறை சொல்ல இடமில்லை. வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்காமல் மரத்தை அதன் நிறத்திலேயே விட்டிருக்கிறார்கள். எந்த ஆணி புதிது, எந்தப் பலகை மாற்றியது என்பதைக் கேட்காமலே காட்டுகிறார்கள்.

அயனி மரத்தில் செய்த ஒரு நெற்பத்தாயத்தின் முன் வெகுநேரம் நின்றேன். மூடியைத் தூக்கியபோது பலகை இடுக்கிலிருந்து பழைய உமி உதிர்ந்தது. கீழே நெல் அள்ளும் சிறு கதவின் விளிம்பு, கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. விலை 85,000 ரூபாய். கட்டியிருந்த அட்டையில் மரம், காலம், வீட்டுப் பெருமை எல்லாம் இருந்தன. அந்த நெல்லை விளைவித்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பத்தாயம் 1820-ஐ ஒட்டியது என்கிறது அட்டை. 1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரில் 1,64,000-க்கும் மேற்பட்டோர் அடிமைகளாகப் பதிவாகியிருந்தனர். அவர்களை விற்கலாம், அடகும் வைக்கலாம். அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை 1855-இல்தான் வந்தது. என் பாட்டியின் முன்னோர் அவ்வாறு வயலோடு சேர்த்து எண்ணப்பட்டவர்கள் என்பதால், அட்டையின் மௌனம் எனக்கு வலித்தது.

உலகின் பெரிய கூடங்களே இதைப் பேசத் தொடங்கிவிட்டன. லண்டன் தேசிய ஓவியக்கூடம், 1824-இல் பிரிட்டிஷ் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கிய ஆங்கர்ஸ்டைனின் 38 ஓவியங்களிலிருந்து பிறந்தது. கப்பல் காப்பீட்டில் பொருள் சேர்த்த அவருக்குக் கரீபியன் அடிமைத் தோட்டங்களோடு இருந்த தொடர்பை அக்கூடமே ஆராய்ந்து வெளியிட்டுள்ளது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மூலச் சேகரிப்பாளரான ஹான்ஸ் ஸ்லோனுக்கு ஜமைக்காத் தோட்ட வருமானம் மனைவி வழியாக வந்தது. 2020-இல் அவருடைய சிலையைப் பீடத்திலிருந்து எடுத்துப் பேழைக்குள் வைத்து, அந்த வரலாற்றையும் உடன் எழுதி வைத்தார்கள்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். "அப்பிடி எழுதினா வாங்க வருறவங்களுக்கு மனசு சங்கடமாயிரும், அண்ணாச்சி" என்றார். சங்கடப்படட்டும் என்றேன். பொருளின் தரத்தை நம்பி இங்கே தாராளமாக வாங்கலாம். பத்தாயத்தை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை. 600 ரூபாய்க்கு நெல் அளக்கும் நாழி ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதன் அட்டையில் ஒரு வரி சேர்க்கக் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, 'கூலிநெல் அளந்தது' என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார்.