எந்த "ஹலோ"? ரிச்சியா, அடேலா?

மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கல்யாண ரிசப்ஷன் கானமேளாவில் "ஹலோ" என்று சீட்டு வந்தால், யாருடைய ஹலோ என்று முதலில் கேளுங்கள்; அந்தப் பெயரில் இரண்டு ஆங்கிலப் பாட்டுகள் பிரபலம். தலைப்பை மட்டும் பார்த்து கரோக்கி டிராக் இறக்கினால் மேடையில் வேறு பாட்டு ஓடும்.

காலம்: அமெரிக்கப் பாடகர் லயனல் ரிச்சி, 1984இன் ஹிட். பிரிட்டிஷ் பாடகி அடேல், 2015.

சுருதி: ரிச்சிக்கு ஏ மைனர்; கீபோர்டில் பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகள்தான். அடேலுக்கு எஃப் மைனர்.

குரல்: ரிச்சியுடையது நிதானமானது, நடுவே கிடார் தனியாக வரும். சிக்கல் அடேலில்தான். தொடக்கம் முணுமுணுப்பு, பல்லவியோ உச்சம். தொடக்கத்தைக் கேட்டு வால்யூமைக் கூட்டினால் பல்லவியில் ஸ்பீக்கர் பிளறும். மெல்லிய வரிகளுக்கு மைக் உதட்டருகே, பல்லவிக்கு ஒரு சாண் தள்ளி. எட்டவில்லையென்று டிரான்ஸ்போஸில் (சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) மூன்று அரைச்சுரம் இறக்கினால் டி மைனர். உச்சம் எளிதாகும், ஆனால் முதல் வரிகள் அடித்தொண்டையில் அமுங்கும். இரண்டோடு நிறுத்துங்கள்.

பொருள்: ரிச்சி பாடுவது சொல்லாத காதல், ரிசப்ஷனுக்கு அதுவே பொருத்தம். அடேலுடையது பழைய காதலிடம் கேட்கும் மன்னிப்பு. மணமக்கள் முன் வேண்டாம். கல்லூரிப் போட்டியில் குரல்வளம் காட்ட அதை விட்டால் வேறில்லை.